நீல நூல் போட்ட கில்ட்

மண்ணுக்குள் போன துணி மண்ணுக்குள்தான் கிடக்க வேண்டும். அது பள்ளி நூலகத்தில், ஜன்னலோரக் கம்பியில், ஒரு ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தால் பார்க்கிறவள் என்ன செய்வாள்? ஐல்சா பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடலோர ஊரான இன்வர்கேலில், பள்ளியின் கிறிஸ்துமஸ் நடனத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கடைசி வருடப் பையன்கள், முழங்கால் வரை பாவாடை மாதிரி சுற்றும் கம்பளிக் கில்ட் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் கால்சட்டையோடு வந்து நின்றவனை இந்த ஊர் லேசில் விடாது. அவன் கல்யாணத்திலும் அதைச் சொல்லிச் சிரிக்கும். வாடகைக் கடைக்காரன் ஒரே ஒரு ராத்திரிக்குக் கேட்கிற பணத்தில் ஐல்சா குளிர்காலம் பாதிக்கு விறகு வாங்கிவிடுவாள். அவளைப் போல ஊரில் பலர் இருந்தார்கள். அதனால்தான் தையல் வகுப்பு எடுக்கும் மிஸஸ் பீட்டன் இந்த வருடம் நூலகத்தில் ஒரு கம்பியைக் கட்டி, வீட்டு அலமாரிகளில் பூச்சிக்குத் தீனியாகக் கிடந்த கில்ட், கோட்டு, காலுறை எல்லாவற்றையும் கேட்டு வாங்கி மாட்டிவைத்திருந்தாள். வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொண்டு போகலாம். கொடுத்தது யார், எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கக்கூடாது.

ஐல்சா பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள். மத்தியானப் பாத்திரமெல்லாம் கழுவி முடிந்த நேரத்தில் மிஸஸ் பீட்டன் கதவில் தலையை நீட்டினாள்.

"ஐல்சா, கையைத் துடைச்சுட்டு வா. உன் பிள்ளைக்குன்னே அளவெடுத்த மாதிரி ஒண்ணு வந்திருக்கு."

"யாரு குடுத்தா?"

"கேக்கக்கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினதே நான். என்கிட்டயே கேக்கறியே! காலையில வாசப்படியில ஒரு பையில கெடந்துச்சு. சத்தியமா எனக்கே தெரியாது."

கரும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம், குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடு. அங்கே வம்சத்துக்கு ஒரு கட்டம் உண்டு; ஐல்சாவின் புருஷன் வீட்டுக் கட்டம் அதுதான். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அதே கட்டம் என்பதால் அவள் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க இடுப்புப் பட்டையை உள்பக்கமாகத் திருப்பினாள். தோல் வாரைத் துணியோடு பிடித்திருந்தது தையல் நூல் அல்ல. மீன்பிடி வலை பின்னுகிற நீல நைலான் நூல். குறுக்கும் நெடுக்குமாக எட்டுப் போட்டு, கடைசியில் தேவையில்லாமல் மூன்று முடிச்சு. அந்த முடிச்சுகளைப் போட்டவள் அவள்தான்.

புருஷன் டார்க்கிலின் சித்தி மகள் கல்யாணத்தில், வட்ட நடனம் உச்சத்தில் இருக்கும்போது அவன் வயிறு தாங்காமல் அந்த வார் பிய்ந்துவிட்டது. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைவிட்டு ஓடிவந்தான். பின்னாலேயே வந்த ஐல்சா, துறைமுகத்தில் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த வலைநூலை எடுத்து, கோணி ஊசியால் அவன் இடுப்பில் வைத்தே தைத்தாள். "அசையாதே, குத்திடுவேன்" என்றாள். அவன் சிரித்துக் குலுங்கியதில் ஒரு குத்து விழவும் செய்தது.

டார்க்கில் செத்து நாலு வருடம் ஆகிறது. நண்டுக்கூடு எடுக்கப் போன படகு கவிழ்ந்தது. கடல் அவனை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தபோது மனைவி பார்க்கிற மாதிரி அவன் இல்லை. அடையாளம் சொல்ல அவன் தம்பி லாக்லன்தான் போனான். பெட்டியை மூடியே வைத்தார்கள். "என்னைக் கில்ட்டோட அனுப்பிடு ஐல்சா. கால்சட்டையோட மேல போனா எங்கப்பன் வாசல்லயே நிறுத்திடுவான்" என்று டார்க்கில் எத்தனையோ தடவை சொல்லியிருந்தான். அவளும் அந்தக் கில்டின் கொசுவம் ஒவ்வொன்றையும் ஈரத்துணி போட்டுத் தேய்த்து, தன் கையாலேயே கொண்டுபோய் அடக்கவேலை பார்க்கும் பெய்ன் கிழவரிடம் கொடுத்தாள். "அவன்கூடவே வச்சாச்சும்மா" என்று கிழவர் மறுநாள் சொன்னார். அவரும் இப்போது அதே இடுகாட்டில் இரண்டு வரிசை தள்ளிக் கிடக்கிறார். அவரை எங்கே போய்க் கேட்பது?

"என்ன, பிடிக்கலையா?" என்றாள் மிஸஸ் பீட்டன்.

"பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ஐல்சா அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அங்கே விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. படுக்கை அறையில் வைக்கத் துணிவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள இடைகழியில், டார்க்கிலின் மழைக்கோட்டு முன்பு தொங்கிய அதே ஆணியில் மாட்டினாள். கிழட்டு நாய் ஜெஸ் எழுந்து வந்து அதை மோந்து பார்த்தது. பிறகு அதற்கு நேர் கீழே படுத்துக்கொண்டது. நாலு வருடமாக அடுப்படியைவிட்டு நகராத நாய் அது.

மகன் ரூரி பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் அதை எடுத்துக் கட்டிக்கொண்டான். பதினேழு வயது, அப்பன் உயரம், அப்பன் தோள்.

"அம்மா, பாரேன்! அளவு தச்ச மாதிரி இருக்கு. அப்பாவோடது மாதிரியே இருக்கு இல்ல?"

"நம்ம கட்டம் எல்லாமே அப்படித்தான் இருக்கும். கழட்டு, கறை பட்டுடும்."

"யாரோட முகத்துல முழிச்சேனோ! நான் லாக்லன் சித்தப்பா மாதிரி கால்சட்டையோட போயி நிக்கணுமோன்னு பயந்துட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே ஒரு சுற்று சுற்றினான். கொசுவம் விரிந்து, மறுபடி சேர்ந்து, முழங்காலுக்குப் பின்னால் தட்டியது. அந்தச் சத்தத்தை ஐல்சாவுக்குத் தெரியும். பதினைந்து வருடம் அதன் பின்னாலேயே நடந்தவள் அவள்.

அந்த வாரம் முழுக்க இரண்டு வேலையும் ஒன்றாக நடந்தன. ஒரு பக்கம் பிள்ளைக்கு உடை சேர்ந்தது; இன்னொரு பக்கம் அவளுக்குப் பயம் சேர்ந்தது. யாரோ கழித்த கருப்புக் கோட்டு ஒன்றைக் கம்பியிலிருந்து எடுத்துவந்து, மிஸஸ் பீட்டன் வரைந்த சாக்பீஸ் கோட்டின்மேல் வால்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்கினாள். பள்ளிக்குப் போட்டுப் போகிற கருப்புக் காலணிக்கே நீளக் கயிறு கோத்து, கணுக்காலைச் சுற்றிக் கட்டினால் நடனக் காலணி என்று யாரும் நம்பிவிடுவார்கள். காலுறையில் தொங்கவிடும் சிவப்பு நாடா, பழைய மேசைவிரிப்பிலிருந்து வந்தது. காலுறையில் செருகும் சின்னக் கத்திக்குப் பள்ளியில் தடை; அதனால் ரூரி ஒரு மரக்கட்டையைக் கைப்பிடி மட்டும் செதுக்கிக் கருப்புச் சாயம் பூசிவைத்தான். கீழே கத்தியே இல்லாத கத்தி.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ரூரி நடனப் பயிற்சிக்கு நின்றுவிடுவான். சமையலறையில் தனியாக உட்கார்ந்து கோட்டின் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருக்கும்போது, முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டது. கம்பளிக் கொசுவம் முழங்காலின் பின்புறத்தில் தட்டுகிற சத்தம். வாசலிலிருந்து கிளம்பி, நிதானமாக நடந்து, ரூரியின் அறை வாசல் வரை போய் நின்றது. அப்புறம் திரும்பியது. ஜெஸ்ஸின் வால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. ஐல்சா எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஊசி விரலில் ஏறியதுகூட அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் காலை கில்டின் கீழ்ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. நாக்கில் தொட்டுப் பார்த்தாள். உப்பு. வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, அடுப்புக்கு எதிரே காயவைத்து எடுத்தாள். அடுத்த நாள் அதே இடத்தில் மறுபடி பூத்திருந்தது. சாயங்காலம் மறுபடி அந்த நடை. மறுபடி ரூரியின் அறை வாசல்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கூட்டத்தோடு வெளியே வராமல் இடுகாட்டுக்குப் போனாள். குழியைத் தோண்டியிருப்பார்களோ, எவனாவது திருடியிருப்பானோ என்று ஒரு அல்ப ஆசை. அப்படி இருந்தால் காவல்நிலையத்தில் போய்ச் சொல்லலாமே. புல் அப்படியே இருந்தது. நாலு வருடத்துப் புல், ஒரு பிடி மண்கூடக் கலையவில்லை. குனிந்து ஒரு கொத்தை இழுத்துப் பார்த்தாள்; வேர் விடவில்லை.

அவளுக்கு இரண்டு பயம். ஒன்று, உள்ளே கிடக்கிறவன் ஒட்டுத்துணி இல்லாமல் குளிரில் கிடக்கிறான், அதைக் கேட்கத்தான் தினமும் வருகிறான் என்பது. இன்னொன்று அதைவிட மோசம். பிணத்தின்மேல் கிடந்த துணியைக் கட்டிக்கொண்டு பிள்ளை ஆடப்போகிறான். ஆடிவிட்டு, கோடை வந்தால் அப்பனைப் போலவே படகேறப் போகிறான். கடல் தன் பொருளுக்கு அடையாளம் வைத்து அனுப்பியிருக்கிறது என்று அவள் நினைத்தாள். கிறுக்குத்தனம் என்று தெரிந்தும் நினைத்தாள். நினைப்பை யார் நிறுத்த முடியும்?

வியாழக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தாள். ரூரி அழுதாலும் சரி, நடனத்துக்கே போகாவிட்டாலும் சரி. அடுப்பின் கதவைத் திறந்துவைத்து, ஆணியிலிருந்து கில்டை எடுத்தாள். ஜெஸ் குறுக்கே வந்து நின்றது. "போ அந்தப் பக்கம், சனியனே" என்று காலால் தள்ளினாள். அது நகரவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே லாக்லன் வந்து நின்றான், கையில் ஸ்போரனோடு. இடுப்புக்கு முன்னால் தொங்கவிடுகிற அந்தத் தோல்பையை ரூரிதான் அவனிடம் இரவல் கேட்டிருந்தான்.

லாக்லன் டார்க்கிலுக்கு இளையவன், ஒரு சாண் உயரம் அதிகம், கல்யாணம் ஆகவில்லை, வலைகள் போட்டுவைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் தனிக்குடித்தனம். நாலு வருடமாக ஐல்சா அவனிடம் வானிலை தவிர வேறு எதையும் பேசியதில்லை. அண்ணன் சாவுக்கு ஊரே கில்ட் கட்டி வந்து நின்றபோது, கூடப் பிறந்தவன் சாம்பல் நிறக் கால்சட்டையோடு வந்தான். அதை அவளால் தாங்க முடியவில்லை. பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறு; யாருக்கு எந்தக் கயிறு என்று வீட்டுக்காரி சொல்ல வேண்டும். தலைமாட்டுக் கயிறு ரூரிக்கு. கால்மாட்டுக் கயிறு தம்பிக்கு என்பது ஊர் வழக்கம். அவள் அதைப் பிடுங்கிப் படகு முதலாளி கையில் கொடுத்தாள். லாக்லன் வெறுங்கையோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். ஊர் முழுக்கப் பார்த்தது.

இப்போது அவன் பார்வை திறந்திருந்த அடுப்புக்கும் அவள் கைக்கும் போனது. ஸ்போரனைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தான்.

"ஐயோ, வேணாம் ஐல்சா! அத வை கீழ! அது அவனோடது!"

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். "அவனோடதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

லாக்லன் கீழே கிடந்த ஸ்போரனை எடுக்கக் குனிந்தான்.

"நீயா பள்ளிக்கூட வாசல்ல கொண்டு வச்சே? லாக்லன், என் புருஷன் கூடப் போனது இது. எப்படி வெளிய வந்துச்சு? சொல்லு. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல."

"உள்ளயே போகல" என்றான் அவன். "உனக்கு அடையாளம் தெரியும்னு நான் நினைக்கவே இல்ல. எல்லாம் ஒரே கட்டம்தானேன்னு..."

"உள்பக்கம் திருப்பிப் பாத்தியா?"

"உள்பக்கத்த யாரு பாப்பா?"

அவள் நீல நூலைக் காட்டினாள். அவன் அதையே வெகுநேரம் பார்த்தான். பிறகு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு ராத்திரி நீ குடுத்துட்டுப் போனப்புறம் நான் பெய்ன் கிழவர்கிட்ட போனேன். அவனுக்கு ஒண்ணையும் உடுத்த முடியாது, மேல போர்த்தத்தான் முடியும்னு சொன்னார். அப்படிக் கெடந்தான் அவன். கேக்காத, சொல்ல மாட்டேன். டார்க்கில் எங்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தான் ஐல்சா. எனக்கு எதாவது ஆச்சுன்னா என் கில்ட் ரூரிக்கு, நீ பாத்துக்கடான்னு."

"எங்கிட்டக் கில்ட்டோட அனுப்புன்னானே!"

"எங்கிட்டயும்தான் சத்தியம் வாங்கினான். எவ்வளவு குடிச்சிருந்தான் உங்கிட்ட சொல்லும்போது?"

"உங்கிட்ட சொல்லும்போது?"

இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையைவிட மோசமாக வலித்த சிரிப்பு அது.

"ரெண்டு பேருக்கும் வாக்கு குடுத்துட்டுப் போயிட்டான் மடையன்" என்றான் லாக்லன். "நான் என்ன பண்றது? கட்டம் ஒண்ணுதானே, எங்கப்பா ஒரே துணியில எங்க ரெண்டு பேருக்கும் தச்சது. வீட்டுக்குப் போயி என்னோடத எடுத்துட்டு வந்தேன். அதத்தான் அவன் மேல போர்த்தினோம். இத வலைக் கொட்டகைல, மரப்பெட்டில வச்சிருந்தேன். எனக்கென்ன, பிள்ளையா குட்டியா, யாருக்குக் குடுக்கப்போறேன் என் கில்ட்ட?"

உப்பு எங்கிருந்து வந்தது என்று ஐல்சாவுக்கு விளங்கியது. கடலோரக் கொட்டகையில் நாலு வருடம் கிடந்த கம்பளி. ஆனால் அவள் நினைப்பு அதில் நிற்கவில்லை. சாம்பல் நிறக் கால்சட்டையில் போய் நின்றது. அண்ணனுக்குத் தன்னுடையதைப் போர்த்திவிட்டு, கட்ட வேறு ஒன்று இல்லாமல் வந்தவன். அவனைத்தான் ஊர் முன்னால் வெறுங்கையோடு நிறுத்தினாள். அந்தக் கயிற்றைப் பிடுங்கியபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"ஏன்டா வாயத் திறக்கல? கயிற நான் பிடுங்கினப்பக்கூட?"

"திறந்திருந்தா விட்டிருப்பியா? பெட்டியத் திற, மாத்துன்னு அங்கயே நின்னிருப்பே. அவன் கெடந்த கெடப்ப நீ பாத்திருப்பே." அவன் தரையைப் பார்த்தான். "வருத்தம் இல்லன்னு சொன்னா அது பொய். கயிறு கையில இல்லாம அவன் இறங்கறதப் பாத்துட்டு நின்னேன். இன்னும் கையி காலியாத்தான் இருக்கற மாதிரி இருக்கு."

மன்னிப்புக் கேட்டால் அது எந்த மூலைக்கு? டீ போட்டாள். அவன் குடித்தான்.

போகும்போது இடைகழியில் நின்று ஆணியைப் பார்த்தான். அப்போதுதான் அவள் கேட்டாள்: "அப்ப, இங்க சாயங்காலம் நடக்கறது யாரு?"

அவன் கேலி செய்யவில்லை. "எது வரைக்கும் வரான்?"

"ரூரி அறை வாசல் வரைக்கும். அப்புறம் திரும்பிடறான்."

லாக்லன் நாயைப் பார்த்தான். "என்னோடது அவனுக்கு நீளம். முழங்காலுக்குக் கீழ தொங்கும். குறை சொல்லத்தான் வந்திருப்பான்" என்றான்.

அன்று இரவு ரூரிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் உள்பட்டையைத் திருப்பி நீல முடிச்சுகளை விரலால் தொட்டுக்கொண்டே கேட்டான். பயப்படுவான் என்று நினைத்தாள், அவன் பயப்படவில்லை. "சித்தப்பாவ நான் கால்சட்டைன்னு எத்தன தடவ கிண்டல் பண்ணியிருக்கேன்" என்றான். கில்டை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு அவர வரச் சொல்லும்மா" என்றான்.

நடன நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாக்லன் வந்தான், அதே சாம்பல் கால்சட்டையில். வெளியே மழையும் இல்லை, காற்றும் இல்லை. ரூரி வெட்டின கோட்டும் கயிறு சுற்றின காலணியுமாகச் சமையலறை நடுவே நின்று, கில்டை இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். இடது பக்கத்து வாரை ஐல்சா மாட்டினாள். வலது பக்கத்தில் இரண்டு வார், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல்வாரை அவள் கையில் எடுத்தாள். நீல நூல் போட்டது அதுதான்.

லாக்லன் கதவருகே, சுவரோடு ஒட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நாலு வருடமாக அவளுக்கு முன்னால் எங்கே நின்றாலும் அவன் அப்படித்தான் நின்றிருக்கிறான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது.

"லாக்லன், இங்க வா."

"நீயே கட்டு ஐல்சா. எனக்கு எதுக்கு?"

"வான்னா வா."

வந்தான். அவன் வலது கையைப் பிடித்திழுத்து, விரல்களைப் பிரித்து, வாரின் நுனியை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"பிடி. இது உன்னோடது. அன்னிக்கே உன்கிட்ட குடுத்திருக்கணும்."

குழியில் பெட்டி இறக்குகிறவர்கள் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி, இரண்டு கையாலும் பிடித்தான். கீழ்வாரை அவள் பிடித்தாள். நடுவில் ரூரி அசையாமல் நின்றான், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு.

இடைகழியில் அந்த நடை கேட்டது. இன்று வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. ஜெஸ்ஸின் வால் தரையில் தட்டியது. ரூரியின் அறை வாசலில் நிற்காமல், அதைத் தாண்டி, சமையலறை வாசல் வரை வந்து நின்றது. மூன்று பேருக்கும் கேட்டது என்று ஐல்சாவுக்குத் தெரியும். ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இழு" என்றாள் அவள்.

லாக்லன் வாரை இழுத்து, கொக்கியில் கோத்து, கடைசித் துளையில் மாட்டினான். மாட்டிய பிறகும் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.